படத்துக்கு ஒரு ஞானத்தாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் இலாரியா சூப் விற்கிறாள். அவளுடைய பானையைச் சுற்றி ஒரு சால்வை கட்டியிருக்கும். ஏப்பைசாப்பைச் சால்வை இல்லை. மெத்தென்ற கம்பளி, முழ நீளக் குஞ்சம், அதில் குத்திய மயில் வடிவ ஊசி. வசதியான பெண்கள் திருவிழாவுக்கென்று பெட்டியில் மடித்து வைத்திருப்பார்களே, அந்த ரகம். இப்போது அதில் எண்ணெய்க் கறையும் கரியும் ஏறிக் கிடக்கிறது.

"ஐயையோ, இதப் போயா பானைக்குக் கட்டுவாங்க?" என்று புதிதாக வருகிறவர்கள் வாயில் கைவைப்பார்கள்.

"பானை சூடா இருக்கணும்ல" என்பாள் இலாரியா.

பிறகு அகப்பையைப் பானையின் அடிவரைக்கும் விடுவாள். ஒரு கலக்குக் கலக்கி, ஆட்டுக்கறியும் கோதுமையும் பனியில் உலர்த்திய கறுப்பு உருளைக்கிழங்கும் மேலே எழும்பி வரும்படி அள்ளி ஊற்றுவாள். யார் வந்தாலும் அப்படித்தான். குடித்துவிட்டு நிற்கிறவனுக்கும் அதே அகப்பை, சண்டை போட்டுவிட்டுப் போனவளுக்கும் அதே அகப்பை. மேலோடு மொண்டு ஊற்றுவது அவள் கைக்கு வராது.

சால்வை யாருடையது என்று புவெனோஸ் ஐரெஸில் எங்கள் பொலிவியாக்காரர் தெரு முழுவதுக்கும் தெரியும். தெரியாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. அந்தப் பொம்பளைக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இருந்தால் எழுந்து போய்விடலாம்.

இலாரியாவின் ஊர் பொலிவியாவில் ஏரிக்கரை மேட்டில் இருக்கிற கலபாயா. அங்கே குழந்தைக்கு முதல் முடியை யார் வெட்டுகிறாளோ அவள்தான் ஞானத்தாய். அந்தக் கத்தரிக்கோல் பட்ட நாளிலிருந்து வெட்டியவளும் பெற்றவளும் உறவு. ஞானத்தாய் சொன்ன சொல்லைத் தட்டக் கூடாது. இலாரியாவின் முதல் முடியை வெட்டியவள் நிக்காசியா. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி வாக்கில் வரும் கார்னிவல் கொண்டாட்டத்துக்கு அவள் புவெனோஸ் ஐரெஸிலிருந்து ஊருக்கு வருவாள். தங்கம் கட்டிய பல்லும் புதுத்தொப்பியும் மயில் ஊசியுமாக வந்து, ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு முடி வெட்டுவாள். ஏன் இவ்வளவு ஆசையாக வெட்டுகிறாள் என்று யாரும் யோசிக்கவில்லை. வெட்டிய முடியெல்லாம் வளர்ந்து பெண்களாகும்போது ஒவ்வொருத்தியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

இலாரியாவைக் கூட்டிப்போகும்போது அவள் சடை இடுப்பைத் தொட்டது. எல்லையில் தண்ணீரில்லாத ஆற்றைக் கால்நடையாகத் தாண்டினார்கள். அக்கரை ஏறியதும் நிக்காசியா கையை நீட்டினாள்.

"அடையாள அட்டைய எங்கிட்டக் கொடு மகளே. நீ சின்னப் பொண்ணு, தொலைச்சிருவ."

கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த அட்டையை அவள் கண்ணால் பார்க்கவில்லை.

நிக்காசியாவின் தையல் பட்டறை வெளியிலிருந்து பார்க்க ஒரு வீடு மாதிரிதான் இருக்கும். சன்னல்களுக்கெல்லாம் உள்ளேயிருந்து கறுப்புத் துணி அடித்திருந்தது. தையல் மெஷின் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று ரேடியோவில் பாட்டு அலறிக்கொண்டே இருக்கும். மெஷினுக்குப் பின்னால் மெத்தை, மெத்தைக்குப் பின்னால் சுவர். அவ்வளவுதான் உலகம். நிக்காசியா கத்த மாட்டாள், அடிக்க மாட்டாள். தலையைத் தடவிக் கொடுப்பாள்.

"வெளிய போலீஸ் நிக்குது மகளே. காகிதம் இல்லாதவங்களப் பிடிச்சா எங்க கொண்டுபோய் விடுவானோ! நீ பாட்டுக்கு உள்ள இரு. அதான் ஞானம்மா இருக்கேன்ல."

பானை ஒன்று, அகப்பையும் ஒன்று. பெண்களுக்கு ஊற்றும்போது அகப்பை மேலோடு போகும். தண்ணீரும் நாலு கொத்தமல்லித் தழையும் வரும். அடியில் கிடக்கும் கறி நிக்காசியா வீட்டு மேசைக்கு. வாயைத் திறந்து யாராவது கேட்டால், "அடில இருக்கறது சூடு ஜாஸ்தி மகளே, வாய் வெந்துரும்" என்று சிரிப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் நடைவழியில் போன் அடித்தது. நிக்காசியா மெல்லிய குரலில் பேசினாள். உள்ளே வந்து ரேடியோவை இன்னும் கூட்டி வைத்தாள். சூப் ஊற்றும் நேரம். இலாரியாவின் முறை வந்தபோது அகப்பை அடிவரை போனது. எலும்போடு ஒரு கறித்துண்டு அவள் கிண்ணத்தில் விழுந்தது.

"சாப்பிடு மகளே."

இலாரியாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். தன் தையல் நேர்த்தியைப் பார்த்துத்தான் ஞானம்மா கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து மெஷின்காரன் எவாரிஸ்தோவிடம் கிண்ணத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டாள். எலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள்.

குளிர்காலச் சட்டைகள் எல்லாம் தைத்து முடிந்து, வண்டி ஏற்றி அனுப்பிய பிறகு நிக்காசியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மகளே, உங்கப்பா போயிட்டாரு. அன்னிக்கே போன் வந்துருச்சு. சொன்னா நீ அழுவ, ஊசி கையில ஏறிடும், அதான் சொல்லல. உன் நல்லதுக்குத்தான்."

எங்கள் பக்கத்தில் ஆள் போன எட்டாம் நாள், போனவருடைய துணிமணிகளை ஆற்றுக்குக் கொண்டுபோய்த் துவைப்பார்கள். மூத்த பிள்ளைதான் முதல் துணியை நனைக்க வேண்டும். ஊருக்குப் போக முடியாதவர்கள் அதே நாளில் இருந்த இடத்திலேயே ஒரு துணியை நனைத்துப் பிழிவார்கள். அதுவும் கணக்குத்தான். இலாரியா மூத்தவள். எட்டாம் நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அன்று அவள் யாருக்கோ சட்டைக் கழுத்து தைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்று உண்டு. அப்பா செத்த அன்று அவள் கறி தின்றிருக்கிறாள், சிரித்துக்கொண்டே.

இதை மன்னிக்கச் சொல்லி இரண்டு பாதிரியார்கள் அவளிடம் பேசிப் பார்த்தார்கள். பேசிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நிக்காசியா தன் பெண்களை வேனில் கூட்டிவருவாள். எத்தனை ஞானமகள்களைக் காப்பாற்றுகிறாள் என்று ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டுமே! அந்த ஞாயிறு பூசை முடிந்தது, எல்லாரும் எழுந்தார்கள். இலாரியா பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"எந்திரி மகளே, வேன் நிக்குது" என்றாள் நிக்காசியா.

இலாரியா எழவில்லை.

"மகளே!"

எழவில்லை. சுற்றிலும் ஊர்க்காரர்கள். நிக்காசியா இவள் தலையைத் தடவினாள், சிரித்தாள், நாலு பக்கமும் பார்த்தாள். கையைப் பிடித்து இழுக்க மட்டும் முடியவில்லை. கடைசியில் போய்விட்டாள். இந்தப் பொம்பளை போலீசுக்குப் பயப்பட மாட்டாள், மாதாவுக்குப் பயப்பட மாட்டாள், ஊர்க் கண்ணுக்கு மட்டும்தான் பயப்படுவாள் என்று அன்றைக்கு இலாரியா கண்டுகொண்டாள். கண்டதை எங்கேயும் சொல்லாமல் மனதுக்குள் பூட்டி வைத்தாள்.

பிறகு மைதானத்தில் ஒரு சூப்புக்காரிக்குப் பாத்திரம் கழுவினாள், அப்புறம் சொந்தமாகப் பானை வைத்தாள். காகிதம் மட்டும் கிடைக்கவில்லை. ஊருக்குப் போன் செய்தால் அம்மா முகங்கொடுத்துப் பேசமாட்டாள். நிக்காசியா முந்திக்கொண்டு, இலாரியா எவனோடோ ஓடிவிட்டாள் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"அப்பா செத்ததயே எங்கிட்ட மறைச்சாம்மா அவ!"

"வாய மூடு. முடி வெட்டுன கைய ஏசாத. அவங்க அழுது அழுது சொன்னாங்க, நீதான் வரமாட்டேன்னுட்டியாம்."

ஒரு அக்டோபரில், கோப்பகபானா மாதா திருவிழாவில், அடுத்த வருடத் திருவிழாவை எடுத்து நடத்தும் பொறுப்பை நிக்காசியா வாங்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய கௌரவம் எங்கள் சனத்தில் கிடையாது. அந்த வாரமே அம்மா போனில் சொன்னாள்.

"பெலிசாவையும் அவங்கதான் கூட்டிட்டுப் போறாங்க. திருவிழாவ முடிச்சிட்டு, அதுக்கப்புறம் வர்ற கார்னிவலுக்கு வராங்களாம். வாக்குக் கொடுத்துட்டேன்."

பெலிசா கடைக்குட்டி. இலாரியா ஊரைவிட்டு வரும்போது முதுகில் தூளி கட்டித் தூக்கிய பிள்ளை.

போனை வைத்த இலாரியா அன்று வெங்காயம் நறுக்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று எவாரிஸ்தோ இன்னும் சொல்வான். அவனும் பட்டறையைவிட்டு வந்துவிட்டவன். பேசிக்கொண்டே சாப்பிடுவான், சாப்பிட்டுக்கொண்டே பேசுவான்.

அப்போதுதான் மலேனா வந்தாள். படம் எடுக்கிறவள், புவெனோஸ் ஐரெஸ்காரி. மைதானத்தில் எல்லாரிடமும் பேசிக்கொண்டு திரிந்தாள். காகிதமில்லாமல் மூடின வீட்டுக்குள் தைக்கிறவர்களைப் பற்றிப் படமாம். நடிகர்கள் வேண்டாமாம், அங்கே கிடந்து எழுந்தவர்களே நடிக்க வேண்டுமாம். உள்ளது உள்ளபடி இருக்க வேண்டுமாம்.

எவாரிஸ்தோ கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தான். "எனக்குத் தெரியும்மா அந்தப் படமெல்லாம். நாங்க அழுவோம், நீங்க எடுப்பீங்க. அதப் பாத்துப் பெரிய மனுஷங்க அழுவாங்க, எந்திரிச்சுக் கை தட்டுவாங்க. தட்டிட்டு நேராப் போயி கறி தின்பாங்க. எங்களுக்கு என்ன, மறுபடியும் மேல்தண்ணிதான்."

மலேனா முகம் சிவந்தது. ஆனால் அவள் நல்ல பெண், ஓடிவிடவில்லை. "அப்ப யாரு பாக்கணும்னு நீங்க சொல்லுங்க" என்றாள்.

"ஒருத்தி பாக்கணும். ஒரே ஒருத்தி" என்றாள் இலாரியா.

மலேனா இலாரியாவின் கதையைக் கேட்டாள். போன், ரேடியோ, கறித்துண்டு எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க அந்தப் பொண்ணா நடிங்க" என்றாள்.

"மாட்டேன். அழுது முடிச்சாச்சு. அந்தப் பொண்ணா வேற பிள்ளைய போடு. நான் முதலாளியம்மா வேஷம் போடறேன்."

"அந்த வேஷத்துக்கு இன்னும் ஆளே கிடைக்கல" என்று மலேனா ஒத்துக்கொண்டாள். யார் போடுவார்கள்? தெருவில் எல்லாருக்கும் நிக்காசியா ஏதோ ஒரு முறையில் உறவு. "ஆனா யோசிச்சுக்குங்க. உங்க முகம் தெரியும். காகிதம் இல்லாம..."

"தெரியட்டும். அவ பாக்கறதுக்குத்தானே முகத்தக் காட்டறேன்."

அடுத்து அவள் செய்ததை வேறு ஊர்க்காரி எவளும் செய்திருக்க மாட்டாள். எங்கள் திருவிழாவில் எதற்கெடுத்தாலும் செலவை ஏற்றுப் பெயர் வாங்க ஒரு ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ உண்டு. கேக்குக்கு ஒருத்தர், பாட்டுக் கோஷ்டிக்கு ஒருத்தர், பீருக்கு ஒருத்தர், வீடியோவுக்கு ஒருத்தர். ரொட்டித்தட்டோடு போய்க் கேட்க வேண்டும். தட்டை வாங்கிவிட்டால் மாதா முன்னால் வாங்கினதாக அர்த்தம், திருப்பிக் கொடுக்க முடியாது. இலாரியா தட்டு நிறைய ரொட்டி அடுக்கி, வாழைப்பழமும் ஒரு பெட்டி பீரும் எடுத்துக்கொண்டு நிக்காசியா வீட்டுக் கதவைத் தட்டினாள். படியில் முழங்காலும் போட்டாள். அந்த முழங்காலுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

"யாருடா இது! ஓடிப்போன மகளா?"

"ஆமா ஞானம்மா. ஒரு வேண்டுதல். கேக்குக்கு ஞானத்தாய் கிடைச்சாச்சு, பாட்டுக்குக் கிடைச்சாச்சு. படத்துக்கு யாரும் இல்ல."

"படமா? திருவிழா வீடியோவச் சொல்றியா?"

"வீடியோ எல்லாரும்தான் எடுக்கறாங்க. இது கொட்டகைல ஓடற மாதிரிப் பெரிய படம். பெரிய கேமரா. முதல்லயே உங்க பேரு வரும்."

தங்கப்பல் வெளியே தெரிந்தது. போன வருடம் திருவிழா நடத்தியவளுக்கு வெறும் வீடியோதான். "அதுல என்ன வருது?"

"உங்களப் பத்திதான் ஞானம்மா. ஊர்ல இருந்து பொண்ணுங்கள கூட்டியாந்து, தொழில் கொடுத்து, சோறு போட்ட ஒரு அம்மாவப் பத்தி."

இதில் ஒரு பொய் இருக்கிறதா? பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று கூடக் கிடையாது.

"என் வேஷம் யாரு போடறா?"

"நான்தான்."

நிக்காசியா வயிறு குலுங்கச் சிரித்தாள். "நீயா! இந்தக் குச்சியா! என்னை மாதிரி இருக்க உனக்கு மூணு பாவாடை பத்தாதுடி." சிரித்து முடித்து உள்ளே போனவள் ஒரு சால்வையோடு வந்தாள், மயில் ஊசியும் அதிலேயே குத்தியிருந்தது. "என் வேஷம் போடறவ கந்தலோட நிக்கக் கூடாது. இத உடுத்து. பத்திரம்." ரொட்டித்தட்டையும் வாங்கிக்கொண்டாள்.

தெருமுனையில் எவாரிஸ்தோ நகம் கடித்துக்கொண்டு நின்றான். "கடிச்சுக் குதறிட்டாளா?"

"சால்வை கொடுத்தா."

அவன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

கோடையில் படம் எடுத்தார்கள். காலியான ஒரு வீட்டில் மெஷின்கள் போட்டு, மெத்தை போட்டு, ரேடியோ வைத்தார்கள். இலாரியா வேடத்துக்கு நெய்டா என்ற பெண், வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். போன் காட்சி வந்தது. முதலாளியம்மா சேதி கேட்டதும் சுவரில் சாய்ந்து கொஞ்சம் தவிப்பாள் என்று மலேனா சொல்லியிருந்தாள். இலாரியா தவிக்கவில்லை. போனை வைத்தாள். சால்வையில் மயிலை நேராக்கினாள். ரேடியோவைக் கூட்டினாள். பானைக்கு வந்து அகப்பையை அடிவரை விட்டாள். நெய்டா கிண்ணத்தில் கறி விழுந்தது. இலாரியா அவள் தலையைத் தடவினாள்.

"சாப்பிடு மகளே."

போனில் வந்த சேதி என்ன என்று நெய்டாவிடம் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தார்கள். அவள் கறியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நிஜச் சிரிப்பு. கேமராவுக்குப் பின்னால் மலேனா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நெய்டா வந்து சொன்னாள். "அக்கா, நீங்க தலையத் தடவினப்ப எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு."

இலாரியா கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். அந்த இனிப்புப் பேச்சு எவ்வளவு லேசாக நாக்கில் வருகிறது! ஒரு நாள் நடித்த எனக்கே வருகிறதே என்று நினைத்தாள். இதைப் பார்த்து அவள் கோபம் தணிந்தது என்று கதை சொல்கிறவர்கள் சொல்லுவார்கள். தணியவில்லை, இரட்டித்தது. இவ்வளவு லேசானதை விட்டுவிடுவதும் லேசுதானே. நிக்காசியா விடவில்லையே!

மறு அக்டோபருக்குப் படம் தயாரானது. இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். திருவிழா வீடியோவின் வட்டுகளை நடத்துகிறவள் ஊருக்கு அனுப்பி வைப்பாள். வர முடியாதவர்கள் அங்கே கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். இலாரியா மலேனாவிடம் வட்டுகள் கேட்டாள்.

மலேனா தயங்கினாள். "அவங்க முன்னாடியே போட்டுப் பாத்துட்டா?"

"பாக்க மாட்டா. பெட்டிக்கு ரிப்பன் கட்டிக் கொடு. ரிப்பன அவுக்கறதுக்கு முன்ன பாத்தா, வெட்டறதுக்கு முன்ன கேக்கத் தின்ன மாதிரி. செத்தாலும் செய்ய மாட்டா."

"அப்புறம் அவங்களுக்குத் தெரியும்போது..."

"தெரியணும்னுதானே இவ்வளவும்."

நிக்காசியா ரிப்பன் கட்டிய பெட்டியைத் திருவிழாவுக்கு முன்பே ரொட்டிகளோடு சேர்த்துக் கலபாயா பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள், தன் கையாலேயே.

பூசை முடிந்த மதியம், எங்கள் ஊர்ச் சங்கத்துக் கொட்டகையில் படம். சன்னல்களை மறைக்கக் கறுப்புத் துணி வேண்டுமென்றதும், "எங்கிட்ட இல்லாத கறுப்புத் துணியா!" என்று நிக்காசியா சுருள் சுருளாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். கலபாயாக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பட்டறைப் பெண்களையும் புதுப்பாவாடை கட்டி வேனில் கூட்டிவந்து பின்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். முன்வரிசை நடுவில் அவள். தலையில் வண்ணக் காகிதத்தூள், கழுத்தில் மாலை, காலடியில் பீர்ப் பெட்டி. படம் முடிந்ததும் ஞானத்தாய் தன் கையால் முதல் பீரை மண்ணுக்குப் படையலாகத் தரையில் ஊற்ற வேண்டும், அதுவரை எழக்கூடாது. எழுந்தால் மாதாவின் முழு வருடத்துக்கும் கெடுதல்.

ஒலிபெருக்கியை வாங்கி அவளே பேசினாள். "நம்ம ஊருக்கும் அனுப்பிட்டேன்! இந்நேரம் அங்கயும் பாத்துக்கிட்டு இருப்பாங்க!"

கைதட்டல். விளக்கு அணைந்தது.

முதலில் அவள் பெயர் வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்தார்கள். மறுபடியும் கைதட்டல். அடுத்து திரையில் ஒரு முதுகு. அதில் சால்வை, அதில் மயில்.

"ஏய், நிக்காசியா சால்வை!"

"ஊசியப் பாரு, ஊசி!"

நிக்காசியா பெருமையாகப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். திரையில் அந்தச் சால்வை எல்லையில் ஆற்றைத் தாண்டியது. ஒரு பெண்ணிடம் அட்டையைக் கேட்டு வாங்கியது. சன்னலில் துணி அடித்தது. பிறகு பானைக்கு வந்தது. அகப்பை மேலோடு போனது.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அடில இருக்கறது சூடு ஜாஸ்தி மகளே, வாய் வெந்துரும்" என்றாள் திரையிலிருந்த இலாரியா, அதே குரலில், அதே தலைச்சாய்ப்போடு.

இப்போது கொட்டகையே சிரித்தது. நடுவிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "எனக்கும் இதேதான் சொன்னா!" அதற்கு அப்பால் இன்னொருத்தி, "என் மகளுக்கும்." சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. போன் அடித்தது. ரேடியோ கூடியது. கறித்துண்டு விழுந்தது. நெய்டா சிரித்தாள். அந்தக் கறி எந்தச் சேதிக்குக் கிடைத்தது என்று திரையில் சிரித்தவளைத் தவிரக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். சட்டைகள் வண்டி ஏறின. அப்புறம் சேதி. அப்புறம் நெய்டா ஒரு சட்டையை வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிழிகிறாள், எட்டாம் நாள் எப்போதோ போய்விட்டது என்று தெரிந்தும்.

எங்கள் சனம் எதையும் பொறுக்கும். எட்டாம் நாளை ஒருத்தியிடமிருந்து திருடியதைப் பொறுக்காது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

நிக்காசியா எழவில்லை, எழ முடியாது. எழுந்தால் மாதாவுக்குக் கெடுதல், இருந்தால் இது. காகிதத்தூள் தலையிலிருந்து மடியில் உதிர்ந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் போன பெட்டி நினைவு வந்த நிமிடத்தை இலாரியா பக்கத்திலிருந்து பார்த்தாள். நிக்காசியாவின் கை தானாக வாய்க்குப் போய்த் தங்கப்பல்லை மூடிக்கொண்டது. அந்த நிமிடத்துக்காக இலாரியா அத்தனை வருடங்கள் வெங்காயம் நறுக்கியிருந்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

விளக்கு வந்தது. யாரும் கை தட்டவில்லை. நிக்காசியா பீரைத் தரையில் ஊற்றினாள், பாதி அவள் செருப்பில் விழுந்தது. பிறகு இலாரியாவிடம் வந்தாள்.

"உனக்குச் சோறு போட்டவ நான்."

"மேல்தண்ணி ஊத்துனீங்க ஞானம்மா. ஒரு தடவை கறி போட்டீங்க. அத நான் மறக்கல."

"காகிதம் இல்லாத நாயி நீ. போலீசுக்கு ஒரு போன் பண்ணா போதும், உன்ன எல்லைல கொண்டுபோய்ப் போட்டுருவான்."

"பண்ணுங்க. வந்து எங்க வேலை பாத்தேன்னு கேப்பான். வீட்டக் காட்டறேன், கறுப்புத் துணியோட."

"எவ்வளவு திமிரு உனக்கு!" என்று நிக்காசியா கையை ஓங்கினாள். சுற்றிலும் ஊர்க்காரர்கள். ஓங்கிய கை அப்படியே மாலையைச் சரிசெய்யப் போய்விட்டது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பின்வரிசையில் சில பெண்கள் எழுந்து போனார்கள். பயம் இருக்காதா? மற்றவர்கள் மடியில் கைவைத்து உட்கார்ந்தபடியே இருந்தார்கள். ஹாரன் மறுபடியும் அடித்தது. எவாரிஸ்தோ வாசலுக்குப் போய், "ஆளுங்க நிறையச் சாப்பிட்டுட்டாங்கப்பா, எந்திரிக்க முடியலியாம்!" என்று கத்தினான். அன்று மாலை அந்தப் பெண்களெல்லாம் இலாரியாவின் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு முறை உலை வைக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் நடந்தும் இலாரியா நிம்மதியாக இல்லை. அம்மா போனை எடுக்கவில்லை. வட்டு போய்ச் சேர்ந்ததா, பார்த்தார்களா, பார்த்தும் நம்பவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, முடி வெட்டின கையைத் தட்டக் கூடாது. நிக்காசியா கார்னிவலுக்குக் கிளம்பிவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. புதுத்தொப்பி, வேறு சால்வை. இங்கே போன பெயரை அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

கார்னிவல் முடிந்த அன்று போன் வந்தது. பெலிசா.

"அக்கா."

"எங்க இருக்க? எல்லைலயா? பஸ்லயா? சொல்லுடி!"

"வீட்லதான்க்கா. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. பேச மாட்டேங்கறாங்க."

"அவ வந்தாளா?"

"வந்தாங்க. வழக்கம்போல எல்லார் வீட்டு வாசல்லயும் நின்னாங்க. எல்லாரும் உக்காருங்கன்னாங்க, ஒருத்தரும் பொண்ண வெளிய கூப்பிடல. நம்ம வீட்டுக்கும் வந்தாங்க. 'பெலிசா கிளம்பிட்டாளா'ன்னாங்க. அம்மா கிண்ணத்த எடுத்து வச்சாங்க. 'முதல்ல சூப் குடிங்க'ன்னு சொன்னாங்க."

"அப்புறம்?" என்றாள் இலாரியா.

"ஆடு அடிச்சு வச்சிருந்தாங்கக்கா, பெரிய பானை. எங்களுக்கெல்லாம் அம்மா அடியில இருந்து அள்ளி ஊத்துனாங்க. அவங்க முறை வந்தப்ப..." பெலிசா சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்தினாள். "அகப்பைய மேலோட விட்டாங்க. வெறும் தண்ணி. ரெண்டு தழை. 'அடில இருக்கறது சூடு ஜாஸ்தி, வாய் வெந்துரும்'னாங்க."

"குடிச்சாளா?"

"ஊரே வாசல்ல நிக்குதே. குடிச்சாங்க, கடைசிச் சொட்டு வரைக்கும். அப்புறம் தனியா பஸ் ஏறிட்டாங்க."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. போனிடம் இல்லை, யாரிடமோ பேசுகிற மாதிரி. "அந்தப் படத்துல உங்கக்கா அவ சால்வைய உடுத்திக்கிட்டு நிக்கறாளே, இன்னும் வச்சிருக்காளான்னு கேளு. திருப்பிக் கொடுக்க வேணாம்னு சொல்லு."

ஆகையால்தான் அந்தச் சால்வை பானையைச் சுற்றி இருக்கிறது. நிக்காசியா இன்றுவரை கேட்டு ஆள் அனுப்பவில்லை. மைதானத்துப் பக்கம் வந்தால் எதிர்ச்சாரியில் போய்விடுகிறாள். இலாரியா தலை நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, மயில் ஊசி நழுவாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் குத்திவிட்டு, அடுத்த ஆளுக்கு அகப்பையை அடிவரை விடுவாள்.